படி ஏறும்போது துடிப்பதும் கடன் நினைவில் துடிப்பதும்

கோத்தகிரிக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 47, சொந்தமாக இரண்டு ஏக்கர் தேயிலை. தோட்டத்திலிருந்து தார்ச்சாலைக்கு 180 படிகள். கொழுந்து மூட்டையோடு ஏறினால் கைக்கடிகாரம் 142 துடிப்பு என்று காட்டுகிறது. பச்சைத் தேயிலை விலை இறங்கிய நாளிலும் கடன் தவணை நினைவுக்கு வரும் இரவிலும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே 112 காட்டுகிறது. எட்டு மாதங்களுக்கு முன் அக்காவின் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். அன்றிலிருந்து இவர் படி ஏறுவதை விட்டுவிட்டார். மூட்டைக்கு ஆள், தனக்கு ஜீப். “ஒவ்வோர் இதயத்துக்கும் இத்தனை துடிப்புதான் என்று கணக்கு உண்டாமே, நான் அதை வீணாக்கிக்கொண்டிருக்கிறேனா?” என்பது அவருடைய கேள்வி. கடிகாரத்தின் எண்களைப் பற்றிக் கேட்டாலும், மைத்துனருக்கு நேர்ந்தது தனக்கும் நேருமா, ஏறுவதை நிறுத்தியது சரிதானா என்பதே அவர் மனத்தில் உள்ள கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். குன்னூரிலும் ஊட்டியிலுமாக 27 ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்தவன் நான். இதய நிபுணன் அல்லன். நெஞ்சில் கருவி வைத்துக் கேட்காமல், ஈசிஜி தாளைக் கையில் பிடித்துப் பார்க்காமல், உங்கள் இதயம் நலம் என்றோ நலமில்லை என்றோ நான் சொல்ல முடியாது.

உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன், நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி. “அக்காவும் மூன்று வாரமாகப் பாதிப் படியில் நின்று நின்றுதான் வருகிறார், நெஞ்சில் வாயு பிடித்துக்கொள்கிறது என்கிறார், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்.” நண்பரே, உங்கள் 142-ஐயும் 112-ஐயும் விட இந்த வரிதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஏறினால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது, மூன்று வாரமாகத்தான் இப்படி என்றால், அது வாயு அல்ல என்று நிரூபிக்கப்படும் வரை இதயம் என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்கிய இப்படிப்பட்ட வலியை ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று வைக்கக்கூடாது. இதைப் படித்ததும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். அவரைப் படி ஏற விடாதீர்கள். ஜீப் வராத இடம் என்றால் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி வாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுக்கம் வந்தால், வியர்த்தால், மூச்சு முட்டினால் ஜீப் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் எண்கள். சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தத்தை வெளித்தள்ளுகிறது. செங்குத்தான படியில் மூட்டையோடு ஏறும்போது தொடைத் தசைகள் பல மடங்கு கேட்கின்றன. அதைக் கொடுக்க இதயத்துக்கு இரண்டு வழிகள்: ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுவது, வேகமாகத் துடிப்பது. பெரும்பாலான சுமையை வேகமே ஏற்கிறது. இந்த வேகம் இரண்டு படியாகக் கூடுகிறது. சும்மா இருக்கும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தப் பிடியே இல்லையென்றால் இதயம் தானாகவே நிமிடத்துக்கு 100 அளவில் துடிக்கும். முதல் சில படிகளில் வேகஸ் பிடியைத் தளர்த்துகிறது. அதற்கு மேல் தேவைப்படும் வேகத்தை அட்ரினலின் வகைச் சுரப்புகள் கொடுக்கின்றன. உங்கள் வயதில் உச்ச துடிப்பு சுமார் 173. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கு இது, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்பின் இருக்கும். ஆக, மூட்டையோடு 180 படிக்கு 142 என்பது செய்த வேலைக்கான கூலிதான். அந்த எண் மட்டும் எனக்கு எந்த நோயையும் சொல்லவில்லை.

நாற்காலியில் வரும் 112 வேறு சங்கதி. நெஞ்சுக்குள் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உடலுக்குள் நடப்பது வேறு. படி ஏறும்போது தசைகளுக்குள் இருக்கும் ரத்த நாளங்கள் அகலத் திறந்துகொள்கின்றன. இதயம் தள்ளும் ரத்தத்துக்குப் போக வழி இருக்கிறது. அதனால் ரத்த அழுத்தத்தின் மேல் எண் உயர்ந்தாலும் கீழ் எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் இறங்கவும் செய்யும். கடன் நினைவில் துடிக்கும்போது, ஓடுவதற்கான ஏற்பாடு முழுக்க நடந்துவிடுகிறது, ஓட்டம் மட்டும் நடப்பதில்லை. கால் தசைகள் எதுவும் கேட்கவில்லை. உடலெங்கும் பல நாளங்கள் சுருங்குகின்றன. இரண்டு எண்களும் சேர்ந்து ஏறுகின்றன. மூட்டையைத் தலைக்குத் தூக்கும் அந்த மூச்சடக்கிய நொடியிலும் ஏறத்தாழ இதேதான் நடக்கிறது. அதனால்தான் ஏறுவதை விட, முக்கித் தூக்குவதில் நான் அதிகக் கவனம் சொல்வேன்.

இன்னொன்று. இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம், முக்கியமாக இடப்பக்கத்துக்கு, அது சுருங்கும்போது கிடைப்பதில்லை. தளர்ந்து ஓய்வெடுக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் கிடைக்கிறது. துடிப்பு வேகமானால் அந்த இடைவெளிதான் முதலில் குறைகிறது. வேலை இரட்டிக்கிறது, சாப்பாட்டு நேரம் பாதியாகிறது. நாளங்கள் நன்றாக இருந்தால் அவை விரிந்து ஈடுகட்டிவிடும். கொழுப்புப் படிந்து குறுகிய நாளம் விரிய முடியாது. பாதிப் படியில் நெஞ்சைப் பிடிப்பது அங்கேதான். அக்காவை அவசரமாக அனுப்பச் சொன்னது இதனால்.

‘உயரமான ஊர், காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால்தானே படபடப்பு’ என்று பலர் கேட்பார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மேட்டுப்பாளையத்திலும் தொட்டபெட்டாவிலும் ஒன்றுதான், 21 விழுக்காடு. குறைவது காற்றின் அழுத்தம். சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள கோத்தகிரியில் அது கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு; 2,240 மீட்டர் உயர ஊட்டியில் கால் பங்குக்குச் சற்றே குறைவு. சமவெளியிலிருந்து காலையில் கிளம்பி மதியம் தொட்டபெட்டாவில் நிற்கும் சுற்றுலாப் பயணிக்கு இதனால் துடிப்பு கூடும். முதல் ஓரிரு நாள் அவர் நிதானமாக இருப்பது நல்லது. இங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு உடல் எப்போதோ பழகிவிட்டது. போன வருடம் இல்லாத படபடப்பு இந்த வருடம் வந்திருந்தால், மலை அதே உயரத்தில்தான் இருக்கிறது, காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். குளிர் வேறு. மார்கழி, தை உறைபனிக் காலத்தில் தோல் நாளங்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது. மாரடைப்புகள் அதிகம் வருவதும் காலை வேளைகளில்தான். விடிந்ததும் விடியாததுமாகக் குளிரில் மூட்டை தூக்கும் வழக்கம் இருந்தால் வெயில் ஏறிய பிறகு என்று மாற்றிக்கொள்ளுங்கள். கைக்கடிகாரமும் குளிரில் விறைத்த மணிக்கட்டில், அதுவும் கை ஆடும்போது, தவறாகக் காட்டும். சந்தேகம் வந்தால் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணும்போது துடிப்பு சீராக வருகிறதா, தாறுமாறாக விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் கவனியுங்கள். எனக்கு எண்ணை விட அது முக்கியம்.

துடிப்புக் கணக்குக்கு வருவோம். மனித இதயத்துக்கு இத்தனை கோடித் துடிப்பு என்று முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருப்பதற்குச் சான்று கிடையாது. இருந்தாலும், அந்த நம்பிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எதுவும் ஏறாமல், நாள் முழுதும் சராசரி 78 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,12,320. தினம் அரை மணி நேரம் 140-இல் உழைத்து, அந்தப் பழக்கத்தால் மீதி நேரத் துடிப்பு 72-க்கு இறங்கினால் 1,05,720. உழைத்த நாளில்தான் 6,600 துடிப்பு மிச்சம். பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமாகத் தள்ளுவதால், ஓய்வில் அது குறைவாகத் துடித்தால் போதும். ஆறு துடிப்பு இறங்குவது மாதக்கணக்கில் விடாமல் உழைப்பவர்களிடம் நான் சாதாரணமாகவே பார்த்தது, எல்லோருக்கும் இறங்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் உங்கள் எட்டு மாதம் என்ன செய்திருக்கும் என்பது புரியும். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய உடல் உச்ச உழைப்பில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி சோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை இழக்க வைத்த அளவுக்கு 30 வருட வயது இழக்க வைக்கவில்லை. ஐந்தே பேர்தான் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் ஓய்வு இதயத்தைச் சுருக்கிச் சோம்பலாக்குகிறது என்பதைப் பிற்காலச் சோதனைகளும் உறுதிசெய்திருக்கின்றன. பயத்தில் ஏறுவதை நிறுத்துகிறோம்; நிறுத்தியதால் அடுத்த முறை ஏறும்போது அதிகம் துடிக்கிறது; அதைப் பார்த்து நோய்தான் என்று முடிவு கட்டி இன்னும் நிறுத்துகிறோம். மாரடைப்பு நடந்த வீடுகளில் இதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் வருந்தியிருக்கிறேன்.

உழைப்பு காக்கிறது என்பதற்கான பழைய சான்றுகளில் ஒன்று பஸ்ஸிலிருந்து வந்தது. 1953-இல் ஜெரெமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டை மாடிப் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநர்களை விட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. இத்தோடு நின்றிருந்தால் கதை எளிது. மாரிஸ் நேர்மையானவர். சில ஆண்டுகளில் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்திருக்கிறது. அப்படியானால் காப்பாற்றியது படிகளா, ஆரம்பத்திலிருந்தே இருந்த உடல்வாகா, ஓட்டுநரின் தலைமேல் இருக்கும் பதற்றம் வேறு இதில் சேர்ந்ததா? குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் பலமுறை திருப்பும் ஓட்டுநர்களுக்கு நான் ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறேன். அவர்கள் விஷயத்திலும் உட்கார்ந்திருப்பதையும் பதற்றத்தையும் என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. பிறகு வந்த ஏராளமான ஆய்வுகளால் உழைப்பின் பக்கம் உறுதியாகியிருக்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது அதன் அடிப்படையில்தான்.

மன அழுத்தத்தின் பக்கம் அவ்வளவு உறுதி கிடையாது, ஆகவே பிரித்துச் சொல்கிறேன். திடீர் அதிர்ச்சி, ஏற்கெனவே நோயுள்ள இதயத்தைத் தள்ளிவிட முடியும் என்பது உறுதி. 1994 ஜனவரி 17 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்தது. வழக்கமாக ஒரு நாளில் ஐந்து பேர் அளவில் திடீர் இதய நிறுத்தத்தால் இறக்கும் இடத்தில் அன்று 24 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் அந்த எண்ணிக்கை வழக்கத்துக்கும் கீழே போயிற்று. கொஞ்ச நாளில் விழவிருந்தவர்களை அந்த அதிர்ச்சி முன்கூட்டியே வீழ்த்தியது என்றுதான் அதைப் படிக்கத் தோன்றுகிறது. நோயே இல்லாத நாளங்களிலும் பெருந்துக்கம் இதயத்தைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைப்பதுண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அதிகம். ஜப்பானியர்கள் 1990-இல் அதைக் கண்டு, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல இதயம் உப்புவதால் டாகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் மீள்கிறார்கள். கணவரை இழந்த அக்காவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் அதையும் மனத்தில் வைப்பார் என்பதற்காகச் சொல்கிறேன்.

விலை, கடன், தூக்கமின்மை என்று ஆண்டுக்கணக்கில் அரிக்கும் கவலை நாளத்தில் அடைப்பை உண்டாக்குமா என்பதில்தான் சிக்கல். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில், ஏறத்தாழ 30,000 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு, மாரடைப்போடு தொடர்புள்ள ஒன்பது காரணங்களில் மன அழுத்தத்தையும் சேர்த்தது. ஆனால் மாரடைப்பு வந்து படுத்திருப்பவரிடம் ‘போன வருடம் கவலை இருந்ததா’ என்று கேட்டால், அவர் தேடிப் பிடித்துச் சொல்வார். நலமாக இருப்பவர் மறந்திருப்பார். எனவே தொடர்பு உண்டு என்பதை நம்புகிறேன், அதன் அளவை அப்படியே நம்பத் தயங்குகிறேன். கவலை வேறு வழிகளிலும் வேலை செய்கிறது. கவலைப்படுகிறவர் கூடுதலாகப் பீடி பிடிக்கிறார், குடிக்கிறார், தூங்குவதில்லை, ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடுகிறார். இந்த வழி எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும், ஏனென்றால் அதில் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கில் மெதுவாக மூச்சு விட்டால் வேகஸ் மறுபடி பிடித்துக்கொண்டு துடிப்பு இறங்கும். இரவில் 112 வரும்போது செய்து பாருங்கள். அது பல வருடம் கழித்து வரவிருக்கும் மாரடைப்பைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால், அதற்கு இதுவரை போதுமான சான்று இல்லை.

அப்படியானால் எதைக் கண்டு பயப்படுவது? பல ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். நெஞ்சு வலி என்று அவர் சொல்லவே இல்லை. “போன மாதம் வரைக்கும் எடை போடும் இடத்துக்கு ஒரே மூச்சில் ஏறினேன் ஐயா, இப்போது சீகை மரத்தடியில் ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறது” என்றார். அவ்வளவுதான். ஓய்வில் எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்தது. அந்த மரத்தடியை நான் நம்பினேன், கோயம்புத்தூருக்கு அனுப்பினேன், இதய நாளங்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோவில் இரண்டு நாளங்களில் அடைப்பு இருந்தது. எத்தனை துடிக்கிறது என்பதை விட, நேற்று முடிந்த எந்த வேலை இன்று முடியவில்லை என்பதே பெரிய அறிகுறி. மலையில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எந்தப் படியில், எந்த மரத்தடியில் நின்றோம் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியாக, மூச்சுத் திணறலாக, மேல்வயிற்று எரிச்சலாக வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மயக்கம் வருவது, இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, காரணமில்லாமல் துடிப்பு சட்டென்று 150, 160-க்குத் தாவிச் சட்டென்று நிற்பது, இவை எந்த வயதிலும் மருத்துவரிடம் போக வேண்டியவை.

இதயத்தில் கோளாறே இல்லாமல் அதை ஓட வைக்கும் காரணங்களும் உண்டு. தைராய்டு அதிகம் சுரந்தால் தூங்கும்போதுகூட 100 துடிக்கும். ரத்தசோகை இருந்தால் குறைந்த சிவப்பணுக்களை வைத்து அதே வேலையைச் செய்ய இதயம் வேகம் பிடிக்கும். சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தசோகையை உண்டாக்கும் பரம்பரைக் கோளாறான அரிவாள் அணு மரபு, இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டது இந்த நீலகிரியில்தான். பழங்குடி ஊர்களிலிருந்து யாராவது படபடப்பு என்று வந்தால் நான் முதலில் கண் இமையை இறக்கி, வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். தேநீரும் ஒரு காரணம்தான், ஆனால் நாளைக்கு மூன்று நான்கு கோப்பையைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி கணக்குப் பார்க்கும்போது குடிக்கும் அந்த ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. அக்காவை அழைத்துப் போகும்போதே உங்களையும் பதிந்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அளவு (ஹீமோகுளோபின்), தைராய்டு, ஒரு ஈசிஜி. 47 வயதில், நெருங்கிய உறவில் மரணம் பார்த்து இவ்வளவு பயந்திருக்கும் ஒருவருக்கு, ஓடும் பட்டையில் நடக்க வைத்து ஈசிஜி பார்க்கும் டிரெட்மில் பரிசோதனையும் செய்யலாமா என்று கேளுங்கள். அதன் அளவுகளில் ஒன்று உங்களுக்கே பயன்படும். உழைப்பை நிறுத்திய முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 12-க்கு மேல் இறங்குவது நல்ல குறி. மைத்துனர் உங்களுக்கு ரத்த உறவு இல்லை, ஆகவே அவருடைய நோய் பரம்பரையாக உங்களுக்கு வர வழியில்லை. உங்கள் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். பீடி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிவுகள் சரியாக இருந்தால், முதல் இரண்டு வாரம் மூட்டை இல்லாமல், பக்கத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டே ஏறுங்கள். பேச்சு தடைபடாத வேகமே உங்கள் வேகம். 60 படிக்கு ஒரு தடவை நின்று, முன்னேறிய பிறகு 90-க்கு ஒரு தடவை. மூட்டையைக் கடைசியில் சேருங்கள், அதுவும் பாதி எடையில் தொடங்கி. அக்காவுக்கு மருத்துவர் அனுமதிக்கும் வரை படி வேண்டாம். மருத்துவமனையில் அவருக்காக நீங்கள் பேசும்போது “வாயு” என்ற சொல்லை உச்சரிக்காதீர்கள். எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனையாவது படியில் பிடிக்கிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது, சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன என்பதை ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டைகளோடு கொண்டுபோங்கள். முதல் ஈசிஜி சரியாக இருக்கிறது என்று சொன்னாலும், படியில் பிடிப்பதை மறுபடி சொல்லி, மேற்கொண்டு என்ன பரிசோதனை என்று கேட்காமல் திரும்பி வராதீர்கள்.